ராத்திரியானால் கால் வலி என்று அழும் பிள்ளை: வளர்ற வலிதானா, வேறு ஏதாவதா?

தென்காசிச் சாரல்:

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. பகலெல்லாம் தெருவில் ஓடி ஆடிவிட்டு, சாப்பிட்டுப் படுத்த கொஞ்ச நேரத்தில் "அம்மா, கால் வலிக்குது" என்று அழ ஆரம்பிக்கிறான். தினமும் இல்லை, வாரத்தில் ஓரிரு நாள். எங்கே என்று கேட்டால் இரண்டு கெண்டைக்காலையும் பிடித்துக் காட்டுகிறான். சில நாள் முட்டிக்குப் பின்பக்கம். நீவிவிட்டால் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவான். காலையில் கேட்டால் வலித்ததே ஞாபகம் இல்லாத மாதிரி ஓடுகிறான்.

மாமியார் "சத்து போதவில்லை, கால்சியம் டானிக் வாங்கு" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா வைட்டமின் டி ஊசி போடச் சொல்கிறார். மருந்துக்கடையில் ஒரு வலி சிரப் கொடுத்தார்கள், இன்னும் பாட்டிலைத் திறக்கவில்லை. வீக்கம், காய்ச்சல் எதுவும் கிடையாது. விட்டுவிடலாமா, டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

பவானிக்கரை:

எங்கள் மகளுக்கு ஐந்து வயதிலிருந்து இதே கதைதான் அக்கா. நல்லெண்ணெயை லேசாகச் சூடு பண்ணி, முட்டியிலிருந்து கணுக்கால் வரை நீவிவிடுவேன், சரியாகிவிடும். கல்யாண வீடு, திருவிழா என்று ரொம்ப ஆடிய நாளில் கட்டாயம் வரும். இப்போது ஒன்பது வயது, எப்போதாவதுதான் வருகிறது.

மதுரை ஆர்த்தோ:

தோழி, நான் குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவம் பார்க்கிறவன். நேரில் பார்க்காமல் யாருக்கும் இதுதான் என்று முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் பயப்படும்படி எதுவும் இல்லை. பொதுவாக 'வளர்ச்சி வலி' என்று சொல்கிறோமே, அதன் அடையாளங்கள் அத்தனையும் இருக்கின்றன. மூன்று வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் வரும். இரண்டு காலிலும் வரும். மூட்டில் இல்லாமல் சதையில் வலிக்கும். சாயங்காலமோ ராத்திரியோ வந்து, விடிந்தால் தடம் தெரியாமல் போய்விடும்.

பெயர்தான் வளர்ச்சி வலி. எலும்பு நீள்வதால் வலிக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. பிள்ளைகள் வேகமாக வளர்வது முதல் வருடத்திலும் பருவ வயதிலும். இந்த வலி அதிகம் வருவது நடுவில் உள்ள வயதில். பகலில் ஓடி ஆடியதில் அலுத்த சதை ராத்திரி வலிக்கிறது என்பது ஒரு கருத்து. முழுக் காரணம் இன்னும் பிடிபடவில்லை.

என்னிடம் இப்படி ஒரு பிள்ளை வந்தால் முதலில் காலைத் தொடவே மாட்டேன். வராந்தாவில் நடக்கச் சொல்வேன், ஓடச் சொல்வேன், ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்வேன். அதற்கப்புறம்தான் படுக்கவைத்து ஒவ்வொரு மூட்டாக மடக்கி, திருப்பிப் பார்ப்பது, எலும்பின் மேல் விரலால் அழுத்திப் பார்ப்பது. எல்லாம் சரியாக இருந்தால் எக்ஸ்ரேயும் வேண்டாம், ரத்தப் பரிசோதனையும் வேண்டாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது காலை நேரம். ராத்திரி எவ்வளவு அழுதாலும் காலையில் இயல்பாக ஓடுகிற பிள்ளையைப் பற்றிப் பெரும்பாலும் பயமில்லை. காலையிலும் நொண்டுகிறான், எழுந்ததும் கால் விறைப்பாக இருக்கிறது, எப்போதும் ஒரே காலில் ஒரே இடத்தைக் காட்டுகிறான், மூட்டு வீங்கியிருக்கிறது, தொடவிடாமல் தட்டிவிடுகிறான், கூடவே காய்ச்சலோ எடை குறைவதோ உடம்பு வெளுத்துப்போவதோ காரணமில்லாத கன்றிய தடங்களோ இருக்கின்றன என்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். ரத்தப் புற்றுநோய் சில பிள்ளைகளுக்கு எலும்பு வலியாகத்தான் முதலில் தெரியும். பயமுறுத்தச் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான கால் வலிகளில் அந்த ஒன்றைத் தவறவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நீவிவிட்டால் சுகப்படுகிறான் என்று எழுதினீர்களே, அது நல்ல அடையாளம். எலும்பிலோ மூட்டிலோ கோளாறு உள்ள பிள்ளை பல நேரம் கையை வைக்க விடாது.

அந்த சிரப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது பாராசிட்டமாலாக இருந்தால், வலி அதிகமான ராத்திரியில் ஒரு வேளை கொடுப்பதில் தவறில்லை. ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஆனால் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதும் கடையில் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரிப் பாட்டில். பழைய பாட்டிலின் கணக்கில் புதியதை ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். ஆஸ்பிரின் மட்டும் டாக்டர் சொல்லாமல் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

தென்காசிச் சாரல்:

ரொம்ப நன்றி டாக்டர். காலையில் நன்றாகத்தான் ஓடுகிறான். சிரப் 250 என்று போட்டிருக்கிறது. வீட்டில் இருந்த பழையது 125. நீங்கள் சொன்ன பிறகுதான் எடுத்துப் பார்த்தேன்.

கரூர்த் தறிக்காரர்:

டாக்டர் ஒரே காலில் வலி என்றதும் என் மகன் விஷயத்தை எழுதத் தோன்றியது. பன்னிரண்டு வயது, கொஞ்சம் பருமன். வலது முட்டி வலிக்கிறது என்று சில வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு கிளினிக்கில் முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை, எடையைக் குறையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முட்டிக்கு உறை மாட்டி, தைலம் தடவி, பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருந்தான். நடக்கும்போது அந்தப் பாதம் மட்டும் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும்.

வேறொரு டாக்டர் முட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, மல்லாக்கப் படுக்கச் சொன்னார். முட்டியை மடக்கித் தொடையை வயிற்றை நோக்கி மெதுவாகத் தூக்கினார். தொடை நேராக வரவில்லை, தானாக வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டு போனது. இடது காலைத் தூக்கினால் நேராக வந்தது. அவ்வளவுதான், "இனி இவன் காலைத் தரையில் ஊன்றக் கூடாது" என்று சொல்லிச் சக்கர நாற்காலி கொண்டுவரச் சொல்லிவிட்டார். இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்ததில், தொடை எலும்பின் மேல்முனையில் இருக்கும் பந்து அதன் கழுத்திலிருந்து நழுவ ஆரம்பித்திருந்தது தெரிந்தது. அடுத்த நாளே ஸ்க்ரூ வைத்து நிறுத்தினார்கள். இப்போது நடக்கிறான், மறு காலையும் அடிக்கடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள்.

முட்டியில் வலி, கோளாறு இடுப்பில். இப்படியும் நடக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மதுரை ஆர்த்தோ:

ஐயா, நீங்கள் எழுதியது பலருக்கு உதவும். இடுப்பு மூட்டிலிருந்து வரும் நரம்புக் கிளைதான் முட்டிப் பக்கமும் போகிறது. அதனால் இடுப்பில் உள்ள வலியைப் பிள்ளை முட்டியில் காட்டும். முட்டி வலி என்று வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இடுப்பைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று படிக்கிற காலத்திலேயே எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். அவசரத்தில் விட்டுப்போகிறது. நீங்கள் காட்டும் டாக்டர் முட்டியை மட்டும் பார்த்தால், "இடுப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் சார்" என்று தயங்காமல் கேளுங்கள்.

இந்தப் பந்து நழுவல் பத்திலிருந்து பதினாறு வயதில், பருமனான பிள்ளைகளுக்கு அதிகம். நழுவிக்கொண்டிருக்கும்போது ஓடினாலோ விழுந்தாலோ முழுக்க நழுவி, பந்துக்குப் போகும் ரத்த ஓட்டமே நின்றுபோகலாம். காலை ஊன்ற வேண்டாம் என்று அந்த டாக்டர் சொன்னது அதனால்தான்.

நான்கிலிருந்து எட்டு வயதில் அதே பந்துக்கு வேறொரு கோளாறு வரும். ரத்த ஓட்டம் குறைந்து பந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைவது, பெர்த்தீஸ் என்று பெயர். பெண் பிள்ளைகளைவிடப் பையன்களுக்கு நாலைந்து மடங்கு அதிகம். பெரிதாக வலியே இருக்காது. நொண்டல் மட்டும் வாரக்கணக்கில் போகும்.

செங்கல்பட்டு அம்மா:

டாக்டர், சளி பிடித்துச் சரியான பிறகு என் மகள் (நாலு வயது) திடீரென்று ஒரு காலைத் தாங்கி நடந்தாள். அதுவும் இடுப்பு மூட்டில் நீர் என்றுதான் சொன்னார்கள். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அது எப்படி?

மதுரை ஆர்த்தோ:

அது வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வரும் தற்காலிக வீக்கம். குழந்தை நொண்டுவதற்கு நாங்கள் அதிகம் பார்க்கும் காரணங்களில் ஒன்று. ஓய்வு கொடுத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். ஆனால் வெளிப்பார்வைக்கு அதே மாதிரி ஆரம்பிக்கும் இன்னொன்று இருக்கிறது, மூட்டுக்குள் சீழ் பிடிப்பது. அதில் காய்ச்சல் அதிகமாக இருக்கும், பிள்ளை சோர்ந்திருக்கும், காலை ஊன்றவே ஊன்றாது, டயபர் மாற்றக் காலை அசைத்தாலும் வீறிடும். மூட்டின் குருத்தெலும்பைச் சீழ் அரித்துவிடும், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். காய்ச்சலோடு காலை ஊன்றாத பிள்ளையை விடியட்டும் என்று வைத்திருக்காதீர்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் எலும்பு மருத்துவர் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வெயில்மழை:

முதல் பதிவில் வைட்டமின் டி ஊசி என்று இருந்ததே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் ஊரில் ஆறு லட்சம் யூனிட் ஊசியைக் கால் வலி என்று போகும் எல்லோருக்கும் போடுகிறார்கள். நல்லதுதானே? இந்த ஊரில் யாருக்குத்தான் டி சரியாக இருக்கிறது?

சத்துணவு மாணவி:

நான் உணவியல் படித்து ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். எல்லாருக்கும் குறைவு என்று சொல்லிவிட முடியாது. 2016 முதல் 2018 வரை நாடு முழுக்க நடந்த குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், வைட்டமின் டி குறைபாடு ஒன்றிலிருந்து நாலு வயதுக்குள் 14 சதவீதம், ஐந்திலிருந்து ஒன்பது வயதில் 18 சதவீதம், பத்து வயதுக்கு மேல் 24 சதவீதம். பிள்ளை பெரியதாகப் பெரியதாக வெயிலில் இருப்பது குறைகிறது என்பதையும் இது காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

ஆறு லட்சம் யூனிட் என்பது விளையாட்டில்லை. குழந்தைக்குத் தினசரித் தேவை முதல் வருடத்தில் 400 யூனிட், அதற்குப் பிறகு 600. இந்த வைட்டமின் சிறுநீரில் வெளியே போய்விடாது, கொழுப்பில் தங்கும். இங்கே ஒரு ஊசி, அங்கே ஒரு சாஷே என்று இரண்டு மூன்று இடத்தில் வாங்கிக் கொடுத்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலுமாகப் பிள்ளைகள் எங்கள் வார்டில் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகத்தைப் பாதிக்கும். குறைபாடு இருந்தால் டாக்டர் தினசரி அளவில், மூன்று மாதம் போல, கால்சியத்தோடு சேர்த்துக் கொடுப்பார். அதுதான் முறை.

வெயில் விஷயத்தில் நம் வீடுகளில் எல்லோரும் சொல்வது, காலை ஏழு மணி இளவெயிலில் குழந்தையைக் காட்டு என்பது. இதமாக இருக்கும், உண்மைதான். ஆனால் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் அந்த நேரத்தில் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அந்தக் கதிர் நன்றாக வரும். நம் பக்கம் பத்து மணிக்கு மேல் மூன்று மணிக்குள். ஓடியாடும் வயதுப் பிள்ளை கை கால் தெரிய இருபது, முப்பது நிமிடம் அந்த நேரத்தில் விளையாடினால் போதும், உச்சிவெயிலில் காயவைக்க வேண்டாம். கைக்குழந்தையை அந்த வெயிலில் கிடத்தக் கூடாது, அதற்குத்தான் சொட்டு மருந்து. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலால் பிரயோஜனம் இல்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

கால்சியத்துக்கு டானிக் தேடி ஓட வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. 100 மில்லி பசும்பாலில் 120க்குப் பக்கம். காலையில் ராகிக் கூழோ அடையோ, ஒரு டம்ளர் பால், மதியம் தயிர், வாரத்தில் ரெண்டு நாள் முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, கிடைக்கிற ஊரில் முள்ளோடு சாப்பிடும் நெத்திலி. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதுவே நிறைய.

வெயில்மழை:

விளக்கத்துக்கு நன்றி மேடம். ஊசியை அவ்வளவு சாதாரணமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

பொள்ளாச்சிப் பாட்டி:

இதிலேயே கேட்டுவிடுகிறேன். பேரனுக்கு ஒன்றேகால் வயது. நிற்கும்போது கால் இரண்டும் வில் மாதிரி வளைந்திருக்கிறது. சீக்கிரம் நிற்கவைத்துவிட்டோம், டயபர் கட்டுவதால் வந்தது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். குளிப்பாட்ட வருகிற அம்மா எண்ணெய் தேய்த்துக் காலை இழுத்து நீட்டித் துணியால் கட்டிவிட்டால் நேராகும் என்கிறார்.

மதுரை ஆர்த்தோ:

அம்மா, அந்தக் கட்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.

குழந்தை வயிற்றுக்குள் கால் மடித்துப் படுத்திருக்கிறது. அந்த வளைவு பிறந்த பிறகும் இரண்டு வயது வரை இருக்கும். அப்புறம் அதற்கு நேர்மாறாகப் போகும். மூன்று, நாலு வயதில் முட்டி இரண்டும் இடித்துக்கொண்டு கணுக்கால் விலகி நிற்கும். ஏழு வயதுக்குள் தானாகப் பெரியவர்கள் கால் மாதிரி வந்துவிடும். சீக்கிரம் நின்றதாலும் டயபராலும் கால் வளையாது. நடைவண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் காலத்து மர நடைவண்டி பரவாயில்லை. உட்கார்ந்து உருட்டும் பிளாஸ்டிக் வாக்கர் படியில் உருண்டு தலையில் அடிபட வைக்கும், அதைத் தூக்கிப் போடுங்கள்.

கைக்குழந்தையின் காலை நீட்டிச் சேர்த்துக் கட்டினால் இடுப்பு மூட்டின் பந்து குழியில் சரியாக உட்காராமல் போகும். இடுப்பு விலகல் அதிகம் காணப்படுவது, காலை நீட்டிச் சுற்றிக் கட்டும் வழக்கம் உள்ள ஊர்களில்தான். நம் வீட்டுப் பெண்கள் பிள்ளையை இடுப்பில் இரண்டு பக்கமும் கால் போட்டுத் தூக்குகிறார்களே, அது அந்த மூட்டுக்கு மிக நல்லது. கால் விரிந்து மடங்கியிருக்கும்போதுதான் பந்து குழிக்குள் பொருந்தும். துணியில் சுற்றினாலும் மேலே இறுக்கி, கீழே கால் மடக்கி உதைக்க இடம் விடுங்கள்.

வளைவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது எப்போது என்றால், ஒரு கால் மட்டும் வளைந்திருந்தால், இரண்டு வயதுக்கு மேலும் வளைவு கூடிக்கொண்டே போனால், ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை என்றால், மணிக்கட்டு தடித்து, விலாவின் முன்பக்கம் மணி கோத்தது போல முண்டு முண்டாகத் தெரிந்தால். இந்தக் கடைசி இரண்டும் ரிக்கெட்ஸ். வைட்டமின் டி, கால்சியம் இல்லாமல் எலும்பு சுண்ணாம்பேறாமல் மெத்தென்று இருப்பது. மணிக்கட்டுக்கு ஒரு எக்ஸ்ரேயும் ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பேட்டேஸ் பரிசோதனையும் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நேரத்துக்கு மருந்து கொடுத்தால் கால் தானாகவே நிமிரும்.

நாகை மீனவன் மகள்:

என் தம்பி மகனுக்குத் தட்டைப் பாதம் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விலை போட்டு ஒரு ஷூ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு நாலு வயது, வலி எதுவும் இல்லை. வாங்கலாமா?

பிசியோ அக்கா:

வாங்காதீர்கள் தங்கச்சி. பிறக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் தட்டைப் பாதம்தான். அந்த வளைவு பத்து வயதுக்குள் மெல்ல வரும். நீங்களே பார்க்கலாம். பிள்ளையைக் குதிகால் தூக்கிக் கால்விரலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். அப்படி நிற்கும்போது உள்வளைவு எழும்பினால் அது வளைந்துகொடுக்கும் பாதம், வலி இல்லாதவரை எதுவும் செய்ய வேண்டாம். விரலில் நின்றும் பாதம் பலகையாக இருந்தால், அல்லது வலித்தால், காட்டுங்கள்.

ஷூவைப் பற்றி நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 1989இல் வந்த ஒன்றில் மூன்று வருடம் சிறப்பு ஷூவோ ஷூவுக்குள் வைக்கும் தாங்கியோ போட்ட பிள்ளைகளுக்கும் எதுவும் போடாத பிள்ளைகளுக்கும் பாத வளைவில் வித்தியாசமே இல்லை. 1992இல் நம் நாட்டிலேயே 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை எடுத்துப் பார்த்தார்கள். செருப்போ ஷூவோ போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்துக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்துக்கு மட்டும். உங்கள் ஊரில் மணல் இருக்கிறது. பிள்ளையை அதில் வெறுங்காலோடு விளையாட விடுங்கள், காசு மிச்சம்.

சேலத்து மாம்பழம்:

கை பிசகினால் என்ன செய்வது? மகளுக்கு ரெண்டு வயது. அவள் அப்பா இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிச் சுற்றினார், அதிலிருந்து இடது கையை அசைக்காமல் தொங்கவிட்டிருந்தாள். எங்கள் ஊரில் நாட்டுக்கட்டு போடுகிறவரிடம் போனோம். ஒரு திருகு திருகினார், உடனே சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் எக்ஸ்ரே, ஸ்கேன் என்று இழுத்திருப்பார்கள். நாட்டு வைத்தியத்தை மட்டமாகப் பேசுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

பிசியோ அக்கா:

அது முழங்கை விலகல். ஐந்து வயதுக்குள் வரும், கையைப் பிடித்து இழுப்பதால் வரும். ஆஸ்பத்திரியிலும் எக்ஸ்ரே இல்லாமல் ஒரு திருப்பில்தான் சரிசெய்வார்கள். அவர் செய்ததும் அதுவே. கையைப் பிடித்துத் தூக்கிச் சுற்றுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், அக்குளுக்கடியில் பிடித்துத் தூக்கலாம்.

ஆனால் பிள்ளை விழுந்து முழங்கை வீங்கியிருந்தால் தயவுசெய்து கட்டு போடுகிறவரிடம் போகாதீர்கள். ஐந்து, ஆறு, ஏழு வயதில் மரத்திலிருந்தோ கட்டிலிலிருந்தோ கையூன்றி விழும்போது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறியும். அந்த இடத்தை ஒட்டித்தான் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. வீங்கிய கையில் மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டினால் உள்ளே அழுத்தம் ஏறி, சதைக்கு ரத்தம் போகாமல், சில மணி நேரத்தில் முன்கைச் சதை செத்துப்போகும். விரல்கள் பருந்தின் கால் நகம் போல மடங்கிச் சுருங்கிப் போன கையோடு வரும் பிள்ளைகளுக்கு நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பென்சில் பிடிப்பதற்கே வருடக்கணக்கில் பாடுபடுகிறார்கள். மனசு கேட்காமல்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

சேலத்து மாம்பழம்:

என் தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பம்தான் எங்களுக்குக் கட்டு போடுகிறது. என் அண்ணன் கை உடைந்து அவர்களிடம்தான் சேர்ந்தது. நேராகத்தான் இருக்கிறது.

மதுரை ஆர்த்தோ:

இருக்கும் மேடம். அதை மறுக்க மாட்டேன். குழந்தை எலும்பு நன்றாகச் சேரும், கோணலாகச் சேர்ந்தாலும் வளர வளரக் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். அதனால் முன்கையில் வரும் பல முறிவுகள் யார் கட்டினாலும் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் மூட்டை ஒட்டி எலும்பு நீளும் இடம் இருக்கிறது, வளர்ச்சித் தட்டு என்போம். அதில் விழும் முறிவு விரலால் தடவிப் பார்த்தால் தெரியாது. விலகிச் சேர்ந்தால் அந்தக் கை ஒரு பக்கம் மட்டும் வளர்ந்து கோணும், வருடங்கள் கழித்துத்தான் தெரியும். எக்ஸ்ரே எதற்கு என்றால் இதற்குத்தான்.

யார் கட்டினாலும், ஆஸ்பத்திரி மாவுக்கட்டாகவே இருந்தாலும், அன்று ராத்திரி விரல்களைப் பாருங்கள். பிள்ளை வலியென்று அடங்காமல் அழுகிறது, விரலை மெல்ல நீட்டினால் துடிக்கிறது, விரல் குளிர்ந்தோ நீலமாகவோ வெளுத்தோ இருக்கிறது, தொட்டால் தெரியவில்லை என்கிறது என்றால் காலைவரை காத்திருக்காதீர்கள். கட்டைத் தளர்த்தியே ஆக வேண்டும்.

சேலத்து மாம்பழம்:

விரலைப் பார்க்கச் சொன்னது நல்ல விஷயம். எங்கள் தெருவில் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கிளியின் அம்மா:

இதுவரை படித்துக்கொண்டுதான் இருந்தேன். வளர்ச்சி வலி என்று நினைத்து நாள் கடத்துகிற யாராவது இதைப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். என் மகளுக்கு மூன்று வயதில் வலது முட்டி உருண்டையாகிவிட்டது. அழவே மாட்டாள். ஆனால் காலையில் எழுந்ததும் பாயிலேயே உட்கார்ந்திருப்பாள், தூக்கச் சொல்வாள், படி இறங்க உட்கார்ந்தே இறங்குவாள். பத்து மணிக்கு மேல் பார்த்தால் சாதாரணப் பிள்ளை. சாயங்காலம் பார்த்தவர்கள் யாரும் நம்பவில்லை. காலையில் எழுவதைப் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டினேன், அதன் பிறகுதான் விஷயம் நகர்ந்தது.

குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்றார்கள். பதினாறு வயதுக்குள் தொடங்கி, ஒரு மூட்டாவது ஆறு வாரத்துக்கு மேல் வீங்கியிருந்து, வேறு காரணம் எதுவும் இல்லை என்றால் அந்தப் பெயர். பெரியவர்களின் மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை பெரும்பாலான பிள்ளைகளுக்கு பாசிட்டிவாக வராதாம். அது நெகட்டிவ் என்பதால் வாதம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இப்போது வாரத்துக்கு ஒரு தடவை மெத்தோட்ரெக்சேட் கொடுக்கிறோம். பள்ளியில் நடனம் ஆடுகிறாள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இந்த வாதம் கண்ணுக்குள்ளும் வரும். கண் சிவக்காது, வலிக்காது, பிள்ளைக்கே தெரியாது, பார்வை போன பிறகுதான் தெரியும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கண் மருத்துவரிடம் போய் ஸ்லிட் லேம்ப் என்ற கருவியில் பார்க்கிறோம். மூட்டு நன்றாக இருந்தாலும் இந்தப் பரிசோதனையை விடக் கூடாது.

மதுரை ஆர்த்தோ:

சகோதரி, வீடியோ எடுத்தது மிகச் சரியான காரியம். நொண்டல், விறைப்பு எல்லாம் எங்கள் அறைக்குள் வரும்போது மறைந்துவிடும். எல்லாப் பெற்றோரும் செய்யலாம்.

இதோடு ருமாட்டிக் காய்ச்சலையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்திலிருந்து பதினைந்து வயதில், தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, இன்று முட்டி, நாளை கணுக்கால், மறுநாள் மணிக்கட்டு என்று வலி இடம் மாறிக்கொண்டே போகும். மூட்டு சரியாகிவிடும், ஆனால் இதய வால்வு கெட்டுப்போகலாம். மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசியை வருடக்கணக்கில் போட்டுத்தான் அதைத் தடுக்கிறோம்.

தென்காசிச் சாரல்:

குழந்தை மருத்துவரிடம் போய்வந்தோம். மதுரை டாக்டர் சொன்ன மாதிரியே நடக்கவிட்டு, குதிக்கவிட்டு, இடுப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வளர்ச்சி வலிதான், டெஸ்ட் எதுவும் வேண்டாம் என்றார். டானிக்கும் ஊசியும் வேண்டாமாம். படுக்கும் முன் கெண்டைக்கால், பின்தொடை இரண்டையும் நீட்டும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மாமியாரையும் கூட்டிப் போயிருந்தேன், அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

திருச்சி கோகோ கோச்:

அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் நான். ஒரு கேள்வி. என் கோகோ அணியில் பத்து, பதினோரு வயதுப் பெண் பிள்ளைகள் சிலருக்குக் குதிகால் வலி. பெரிய பையன்களில் வாலிபால் ஆடுகிறவர்களுக்கு முட்டிக்குக் கீழே முண்டு மாதிரி தடித்து வலிக்கிறது. போட்டி வருகிறது. ஆட விடலாமா?

பிசியோ அக்கா:

சார், இரண்டுமே ஒரே வகை. பருவ வயதில் எலும்பு சட்டென்று நீளும், தசைநார் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் இறுகி, அது எலும்பில் ஒட்டும் இடத்தை இழுக்கும். அந்த இடம் இன்னும் இளசு, அதனால் வலிக்கிறது. குதிகாலில் வருவது எட்டிலிருந்து பதினாலு வயதில். முட்டிக்குக் கீழே வருவது பத்திலிருந்து பதினைந்தில், ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு. எலும்பு வளர்ந்து முடிந்தால் வலி போய்விடும், முட்டிக்குக் கீழே உள்ள முண்டு மட்டும் நிற்கலாம்.

ஆட்டத்தை முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. ஆடும்போது லேசான வலி, மறுநாள் காலையில் இல்லை என்றால் ஆடட்டும். நொண்டினால், அல்லது மறுநாளும் வலி தொடர்ந்தால், குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் சில வாரம் குறைத்துவிட்டு மற்ற பயிற்சியைக் கொடுங்கள். ஆடி முடித்ததும் துணியில் சுற்றிய ஐஸ் பத்து, பதினைந்து நிமிடம். குதிகாலுக்குக் கெண்டைக்கால் நீட்டல், முட்டிக்கு முன்தொடை நீட்டல், தினமும். கோகோ பெண்கள் வெறுங்காலில் கெட்டித் தரையில் ஆடுகிறார்கள் என்றால் பயிற்சி நேரத்திலாவது குதிகால் மெத்தை உள்ள ஷூ போடச் சொல்லுங்கள், நல்ல வித்தியாசம் தெரியும். ஒரு காலில் மட்டும் வலி, ராத்திரி தூக்கத்தில் எழுப்பும் வலி, வீக்கம் என்றால் என் பதிலை விட்டுவிட்டு டாக்டரிடம் அனுப்புங்கள்.

திருச்சி கோகோ கோச்:

பெண்கள் மண் தரையில்தான் ஆடுகிறார்கள், ஆனால் மழைக்காலத்தில் சிமெண்ட் மேடைக்கு மாற்றினோம். வலி தொடங்கியதும் அப்போதுதான். நாளையிலிருந்து மண்ணுக்கே திரும்புகிறோம். நீட்டல் பயிற்சியை நானே நின்று செய்யவைக்கிறேன். ஒரு பிள்ளைக்கு வலி இடது காலில் மட்டும், அவளை வீட்டுக்காரர்களோடு இந்த வாரமே டாக்டரிடம் அனுப்புகிறேன்.